ஆறாம் பந்தி

குமாரி: ...வெட்ட மாட்டன் எண்டால் வெட்ட மாட்டன். நீ வாசி.

தர்மிகன்: அக்கா, நான் சொல்லுறதை முழுசாக் கேளுங்கோவன்...

குமாரி: கேட்டாச்சு. மூண்டு தரம் கேட்டாச்சு. பேச்சின்ரை முதலாம் பந்தியிலை இருந்து வாசி, நேரம் பாக்கோணும். இருபது நிமிசத்துக்கை பேசி முடிக்கச் சொல்லியிருக்கினம்.

தர்மிகன்: முதல் அந்தக் கத்தியைக் கீழை வையுங்கோ. வெங்காயம் வெட்டுற ஆள் மாதிரியே இல்லை.

குமாரி: நாளைக்குத் தமிழ்ச் சங்கத்தின்ரை கூட்டத்துக்கு லைப்ரரி மண்டபத்துக்கு எண்பது பேர் வருகினம். ஆளுக்கு ரெண்டு வடை. பேச்சும் நான், வடையும் நான். கம்சிகா உதவிக்கு வருவாள் எண்டு பாத்தன்...

தர்மிகன்: என்ரை மனுசியோ? எட்டரை மாச வயித்தோடையோ?

குமாரி: ஐயோ, வேண்டாம், வேண்டாம். அவள் படுக்கட்டும். சாப்பிட்டவளோ?

தர்மிகன்: ரெண்டு தரம். "மாமி என்ன செய்யிறா" எண்டு உள்ளை இருக்கிற ஆளும் கேட்டதாம். என்ன, சிரிப்பைக் காணேல்லை?

குமாரி: வெங்காயம். கண் எரியுது. நீ வாசி.

தர்மிகன்: சரி. "சபையோருக்கு வணக்கம். நான் கிருஷ்ணகுமாரி. ரொம்சோஸில் ஒரு பார்னஹாகையில் இருபத்தாறு வருடமாகச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன். அந்த இருபத்தாறு வருடத்தில் அவர்களுக்கு நான் அதிகம் வாசித்துக் காட்டியது சுவீடன் நாட்டு எழுத்தாளர் சிக்னே ஓக்பெரியின் கதைகளைத்தான்." ...அக்கா, இது நல்லாயிருக்கு. ஆனா "மூக்குத் துடைத்து விட்டபடியே வாசித்தேன்" எண்டு ஒரு வரி கிடந்துதே, அதைக் காணேல்லை?

குமாரி: அதை எடுத்திட்டன். சபையிலை மூக்கைப் பற்றிக் கதைக்கிறதே?

தர்மிகன்: மூக்கைப் பற்றிக் கதைக்க வெக்கம். ஆறாம் பந்திக்கு வெக்கமில்லை.

குமாரி: தர்மி!

தர்மிகன்: சரி, சரி. வாசிக்கிறன். "சிக்னே பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. சலவைக்கடையில் துணி மினுக்கிய பெண். பிறகு பேரும் புகழும் வந்தபோதும் மேசையில் இருந்து எழுத அவருக்குப் பழக்கம் வரவில்லை. துணி மினுக்கும் பலகையில் தாளை வைத்து, நின்றபடியேதான் எழுதினார்." இது மெய்யே?

குமாரி: மெய்தான். நீ எடுத்துத் தந்த புத்தகத்திலைதான் கிடக்கு. எழுபத்தெட்டு வயசிலையும் நிண்டுதான் எழுதினவ. ஒருத்தர் போய், "இருந்து எழுதுங்கோவன் அம்மா" எண்டு கேட்டதுக்கு, "இருந்தா நித்திரை வந்திடும், நித்திரை வந்தா பிள்ளையள் நித்திரை கொள்ளுற கதைதான் வரும்" எண்டவவாம்.

தர்மிகன்: உங்களைப் போலை.

குமாரி: என்னைப் போலை எண்டா?

தர்மிகன்: வாய்.

குமாரி: ஓம், வாய்தான். அந்த மனுசி ஒருக்கா ஒரு மந்திரி விருந்துக்குக் கூப்பிட, "அண்டைக்கு நான் ஒரு ஆறு வயசுப் பிள்ளைக்குக் கடிதம் எழுதோணும்" எண்டு மறுத்தவ. எழுதினதுகளிலை பாதிக்குப் பாதி பிள்ளையளுக்குப் போட்ட பதில்தான். பிள்ளையளுக்குப் பொய் சொல்லக்கூடாது எண்டதிலை அப்பிடி ஒரு பிடிவாதம். பெரியாக்களோடை எண்டா நாய் மாதிரிக் குரைப்பா.

தர்மிகன்: பிள்ளையளுக்குப் பொய் சொல்லேல்லை... ம்.

குமாரி: என்ன ம்?

தர்மிகன்: ஒண்டுமில்லை. உங்கடை ஃபோன் அடிக்குது.

குமாரி: கையெல்லாம் உழுந்து மா. ஆரெண்டு பார்.

தர்மிகன்: ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. சங்கத்துச் செயலாளர். எடுக்கட்டோ, விடட்டோ?

குமாரி: எடு. சத்தமாப் போடு. எனக்கு ஒளிக்க ஒண்டுமில்லை.

ஸ்ரீஸ்கந்தராசா: ஹலோ... தங்கச்சி, வடை எல்லாம் எந்தளவிலை நிக்குது?

குமாரி: வடையைக் கேக்கவோ எடுத்தனீங்கள், அண்ணை?

ஸ்ரீஸ்கந்தராசா: வடையையும்தான்... அது வந்து, நீங்கள் அனுப்பின பேச்சை வாசிச்சனாங்கள். வலு வடிவு. ஆனா அந்த ஆறாம் பந்தி... நிர்வாகம் கூடிக் கதைச்சது...

குமாரி: நிர்வாகம் எண்டா ஆர் ஆர்?

ஸ்ரீஸ்கந்தராசா: நான்... என்ரை மனுசி...

தர்மிகன்: ரெண்டு பேரோடை கோரம் காணாது அண்ணை, கூட்டம் செல்லாது.

ஸ்ரீஸ்கந்தராசா: ஆர், தம்பியோ? தம்பி, நீராவது அக்காவுக்குச் சொல்லும். விளக்குக் கொளுத்தித் தொடங்கிற நிகழ்ச்சி. சனம் குஞ்சு குருமானோடை வரப்போகுது. அதுகளுக்கு முன்னாலை, அந்த எழுத்தாளர் கலியாணம் கட்ட முதலே பிள்ளை பெத்தவ, அதை ஒளிச்சு வளத்தவ எண்டு...

குமாரி: குஞ்சு குருமானுக்கு அது ஒரு விசயமே இல்லை அண்ணை. என்ரை பார்னஹாகையிலை தாய் மட்டும் இருக்கிற பிள்ளை ஒன்பது பேர். ரெண்டு தாய் இருக்கிற பிள்ளை ஒராள். பெரியாக்கள்தான் வாயைப் பிளப்பினம்.

ஸ்ரீஸ்கந்தராசா: அது நோர்வேக்காரர் அம்மா. எங்கடை ஆக்கள்...

குமாரி: எங்கடை ஆக்களிலை நடக்கிறதே இல்லையோ?

ஸ்ரீஸ்கந்தராசா: நடக்கிறதுதான்... மேடையிலை சொல்லுறதில்லை.

குமாரி: அதுதான் சொல்லப் போறன்.

ஸ்ரீஸ்கந்தராசா: சனம் கதைக்குமெல்லே, தங்கச்சி.

குமாரி: உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமே? கதைக்கட்டும். எனக்கு அம்பத்துநாலு வயசு, அண்ணை. இனி ஆர் என்னைப் பொம்பிளை பாக்க வரப்போகினம்?

ஸ்ரீஸ்கந்தராசா: அப்ப ஒண்டு செய்வம். நேரம் காணாது எண்டு உங்கடை பேச்சைப் பத்து நிமிசமாக் குறைச்சு, பிள்ளையளின்ரை நடனத்தை...

குமாரி: பத்து நிமிசமெண்டா நான் ஆறாம் பந்தியை மட்டும் வாசிப்பன்.

ஸ்ரீஸ்கந்தராசா: தங்கச்சி, மைக் சங்கத்தின்ரை எண்டதை...

குமாரி: மைக் இல்லாட்டிப் பரவாயில்லை. முப்பது குழப்படிப் பிள்ளையளை இருத்திற தொண்டை இது. வடைக்கு உப்புப் போடோணும், வைக்கட்டோ?

ஸ்ரீஸ்கந்தராசா: ...உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ. எனக்குப் பிறஷர்.

தர்மிகன்: வச்சிட்டார். பாவம் மனுசன்.

குமாரி: பாவம் எண்டா நீ போய்த் துணைக்கு நில். ரெண்டு பேரும் சேந்து கத்தரிக்கோலைப் பிடியுங்கோ.

தர்மிகன்: நான் அவருக்காகச் சொல்லேல்லை, அக்கா.

குமாரி: பேந்து ஆருக்காகச் சொல்லுறாய்? காலமை வந்ததிலை இருந்து ஒரே பாட்டு. வெட்டுங்கோ, வெட்டுங்கோ. உனக்கு என்ன வந்தது? உனக்கு வெக்கமாயிருக்கோ?

தர்மிகன்: நான் ஏன் வெக்கப்படோணும்? சுவீடன்காரிக்குப் பிள்ளை பிறந்தா எனக்கு என்ன?

குமாரி: ...ஓம். உனக்கு என்ன.

தர்மிகன்: கோவமோ?

குமாரி: இல்லை. ஆறாம் பந்தியை வாசி. நீ வாசிக்கிறதை நான் ஒருக்காக் கேக்கோணும்.

தர்மிகன்: "சிக்னேவுக்குப் பத்தொன்பது வயதில், திருமணம் ஆகாமலே ஒரு மகன் பிறந்தான். ஊருக்குத் தெரியாமல் எல்லை தாண்டி நோர்வேக்கு வந்து, ஹால்டனில் அவனைப் பெற்று, ஓல்கா என்ற விதவையிடம் விட்டுவிட்டுப் போனார். மாதத்தில் ஒரு ஞாயிறு ரயிலேறி வந்து பார்ப்பார். நாலு வருடத்துக்குப் பிறகு அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் ஊருக்கும் சரி, அந்தப் பிள்ளைக்கும் சரி, அவன் தன் செத்துப்போன அக்காவின் மகன் என்றே சொன்னார். பெற்ற பிள்ளை அவரைச் சித்தி என்று கூப்பிட்டான்..."

குமாரி: மெல்ல. அதிலை ஒருக்கா நிப்பாட்டி வாசி.

தர்மிகன்: "...பெற்ற பிள்ளை அவரைச் சித்தி என்று கூப்பிட்டான். அவருடைய ஒவ்வொரு கதையிலும் ஒரு பிள்ளை ரயில் நிலையத்தில் காத்து நிற்கும். ஏன் என்று எங்கள் பிள்ளைகள் என்னைக் கேட்பார்கள். இப்போது எனக்குத் தெரியும். தன் ஐம்பத்தாறாவது வயதில், பரிசு வாங்கப் போன மேடையில், முன்வரிசையில் இருந்த ரூனேயைக் காட்டி அவர் சொன்னார்: இவன் என் மகன்." ...முடிஞ்சுது.

குமாரி: நல்லா வாசிக்கிறாய்.

தர்மிகன்: இல்லை, முடியேல்லை. மிச்சம் எங்கை?

குமாரி: என்ன மிச்சம்?

தர்மிகன்: "இவன் என் மகன்" எண்டு சொன்ன உடனை நடந்தது. ரூனே கதிரையை விட்டு எழும்பி வெளியிலை போட்டான். ரெண்டு வருசம் தாயோடை கதைக்கேல்லை. அதை ஏன் விட்டனீங்கள்?

குமாரி: நேரம் காணாது.

தர்மிகன்: ரெண்டு வரி அக்கா. மினுக்கிற பலகைக்கு நாலு வரி எழுதியிருக்கிறியள்.

குமாரி: அது... தேவையில்லாத கதை.

தர்மிகன்: ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை வெட்டினாக் கூடாது. நீங்கள் வெட்டினாச் சரி.

குமாரி: நீ என்ன, கோட்டிலை குறுக்கு விசாரணை செய்யிற மாதிரி! ரி-பான ரயில் ஓட்டுறவனுக்கு ஏன் இந்த வேலை?

தர்மிகன்: நாளைக்கு லீவு போட்டிருக்கிறன். நீங்கள்தானே முன்வரிசையிலை வந்து இருக்கச் சொன்னனீங்கள். "ஒரு நாளும் இல்லாத மாதிரிக் கட்டாயம் வா" எண்டு மூண்டு தரம் மெசேஜ்.

குமாரி: வரமாட்டியோ?

தர்மிகன்: வருவன். ஏன் அவன் எழும்பிப் போனவன்? சொல்லுங்கோ.

குமாரி: வெக்கத்திலை. வேறென்ன? சபைக்கு முன்னாலை தகப்பன் பேர் தெரியாதவன் எண்டு ஆகிட்டுது. ஆம்பிளையெல்லே. தாங்கேலாமப் போட்டுது.

தர்மிகன்: அப்பிடிப் புத்தகத்திலை கிடக்கோ?

குமாரி: எனக்குத் தெரியும்.

தர்மிகன்: புத்தகத்தை முடிச்சனீங்களோ?

குமாரி: ...அவன் எழும்பிப் போற இடத்தோடை மூடிப்போட்டன். அதுக்கு மேலை வாசிக்க ஏலேல்லை.

தர்மிகன்: உங்களுக்கு ஏன் ஏலாமப் போனது?

குமாரி: எண்ணெய் காயுது. தள்ளு.

தர்மிகன்: அடுப்பு இன்னும் போடவேயில்லை, அக்கா. இருங்கோ. தண்ணி குடியுங்கோ. இந்தாங்கோ.

குமாரி: நீ ஒண்டு விளங்கிக் கொள்ளோணும், தர்மி. அம்மா போய் ஒரு வருசம் முடிஞ்சுது. திவசமும் குடுத்தாச்சு. அம்மா இருக்கேக்கை அவவுக்கு ஒரு வாக்குக் குடுத்திருந்தனான். அதை ஒரு நாளும் மீறேல்லை. இப்ப அது முடிஞ்சுது. இனி எனக்கு ஒருத்தருக்கும் பயமில்லை.

தர்மிகன்: அம்மான்ரை திவசத்துக்கும் சிக்னேவுக்கும் என்ன?

குமாரி: ஒண்டுமில்லை. சும்மா சொன்னனான்.

தர்மிகன்: சிக்னே ஏன் வீட்டிலை வச்சுச் சொல்லேல்லை? ஒரே வீடு. ஒரே கோப்பி. அவன் கலியாணம் கட்டி வேற வீடு போன பிறகும் கிழமைக்கு மூண்டு நாள் வாறவன். அப்பெல்லாம் விட்டிட்டு மேடையிலை ஏன்?

குமாரி: ஒராளுக்குச் சொல்லுறதுதான் கஷ்டம். அது உனக்கு விளங்காது. அவன் முகத்தைப் பாத்துக்கொண்டு சொல்லோணும். வாயைத் திறப்பா. அந்த நேரம் பாத்து அவன், "சித்தி, என்ரை சப்பாத்தைக் கண்டனீங்களோ?" எண்டு கேப்பான். அவ்வளவுதான். இன்னொரு வருசம் போயிடும். மேடை எண்டா அப்பிடியில்லை. மைக்கைப் பிடிச்சு முதல் வசனம் சொல்லிட்டா பேந்து நிக்க ஏலாது. எண்பது பேர் பிடரியிலை பிடிச்சுத் தள்ளுவினம்.

தர்மிகன்: நானூறு பேர். சிக்னேவுக்கு.

குமாரி: ...ஓம். நானூறு.

தர்மிகன்: அவ பயந்தவவோ?

குமாரி: பயந்துதான் இருப்பா. "ஏன் இவ்வளவு நாளும் பொய் சொன்னனீங்கள்" எண்டு கேட்டா என்ன மறுமொழி சொல்லுறது? ஆனா தர்மி, விட்டிட்டுப் போனவளுக்கு ஒரு துக்கம். விடாமலே பக்கத்திலை இருந்து, குளிக்க வாத்து, தீத்தி, பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போய், பெத்தோர் கூட்டத்துக்கு மட்டும் வேற ஒராளை அனுப்பிப்போட்டு வாசலிலை நிக்கிறவளுக்கு...

தர்மிகன்: சிக்னே வாசலிலை நிண்டவவோ? அது புத்தகத்திலை இல்லையே.

குமாரி: ...நான் ஒரு பேச்சுக்குச் சொன்னனான்.

தர்மிகன்: ம்.

குமாரி: வாற மாசம் உனக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. அது வந்து கண்ணைத் திறந்து, ஆரை என்னெண்டு கூப்பிடோணும் எண்டு பழக முதல், நான் ஒரு அலுவல் முடிக்கோணும். நாளைக்கு முடிப்பன். ஆறாம் பந்தியை வாசிச்சிட்டு, அதுக்குப் பிறகு இன்னும் ரெண்டு வசனம் சொல்லுவன். அதை நீ ரைப் அடிக்கத் தேவையில்லை. நெஞ்சிலை கிடக்கு.

தர்மிகன்: அந்த ரெண்டு வசனத்தையும் வெட்டுங்கோ.

குமாரி: என்னெண்டு தெரியாமலே வெட்டச் சொல்லுறாய்!

தர்மிகன்: வெட்டுங்கோ, அக்கா. கும்பிட்டுக் கேக்கிறன்.

குமாரி: மாட்டன். நீ எழும்பிப் போனாலும் மாட்டன். ரெண்டு வருசம் கதைக்காமல் விட்டாலும் மாட்டன். போறதெண்டாப் போ. நான் இவ்வளவு காலமும் பொறுத்தனான், அதையும் பொறுப்பன். ஆனா சொல்லாமச் சாக மாட்டன்.

தர்மிகன்: அக்கா... ரூனே ஏன் போனவன் எண்டு புத்தகத்திலை கிடக்கு. கடைசிக்கு முந்தின அதிகாரம். அவனே வாயாலை சொல்லியிருக்கிறான்.

குமாரி: எனக்குக் கேக்க வேண்டாம்.

தர்மிகன்: கேளுங்கோ. நீங்கள் வாசிக்கோணும் எண்டுதானே நான் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தனான். "அவ என்ரை தாய் எண்டது எனக்குப் பத்து வயசிலையே தெரியும். அவவாச் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். கடைசியிலை சொல்லேக்கை, நானூறு பேரிலை என்னையும் ஒராளா இருத்தி வச்சுச் சொல்லிப்போட்டா. அதுதான் எழும்பினனான்." இதுதான் அவன் சொன்னது. வெக்கத்திலை போகேல்லை, அக்கா. அழாதேங்கோ.

குமாரி: தர்மி... உனக்கு... நீ... எப்ப இருந்து?

தர்மிகன்: எட்டாம் வகுப்பிலை இருந்து. பள்ளிக்கூடப் பல்லு டொக்டர் படம் பிடிச்சுப் பாத்திட்டு, "இது பதின்மூண்டு வயசுப் பிள்ளையின்ரை வாயில்லை, பதினொண்டுதான் இருக்கும்" எண்டவ. வீட்டை வந்து என்ரை வயசிலை ரெண்டு வருசத்தைக் கழிச்சுப் பாத்தன். அப்பிடிப் பாத்தா, நான் பிறக்கேக்கை அப்பா நோர்வேயின்ரை வடக்கை மீன் ஃபக்டறியிலை நிக்கிறார், அம்மா யாழ்ப்பாணத்திலை. வேற ஆருக்கோ என்னைப் பெத்தவ எண்டு முதல் அம்மாவிலைதான் கோவம் வந்தது, ரெண்டு நாள் அவவோடை கதைக்கேல்லை. மூண்டாம் நாள் எனக்குக் காய்ச்சல். அம்மா போய்ப் படுத்திட்டா, நீங்கள் விடிய விடிய என்ரை காலைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். அண்டைக்கு விளங்கிட்டுது. இருபத்துநாலு வருசமா நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். நாளைக்கு எல்லாத்தையும் வாசியுங்கோ, அந்த ரெண்டு வசனத்தையும் சொல்லுங்கோ, நான் கதிரையை விட்டு எழும்ப மாட்டன். ஆனா அதுக்கு முதல், இப்ப, எனக்கு மட்டும் ஒண்டு சொல்லோணும். பாஸ்போட்டிலை இருக்கிறது அப்பா இஞ்சை வர முதல் நான் பிறந்தனான் எண்டு காட்டப் போட்ட திகதி. உண்மையிலை நீங்கள் என்னைப் பெத்த நாள் எது, அம்மா?